ஆறு கம்பியில் ஒரே சுமை: கடலூர் ஸ்டூடியோவில் உருகிய கிராபிக்ஸ் கார்டு கனெக்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ. அங்கே ஒரே மாதிரி கட்டிய இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றின் கிராபிக்ஸ் கார்டு மின் கனெக்டர் உருகிவிட்டது. தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. கேபிள் வீணானது, கார்டின் சாக்கெட் கருகியது, அவ்வளவுதான். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற நான்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். உருகிய மெஷினைவிட, எந்தத் தொல்லையும் தராமல் பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது மெஷினைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஸ்டூடியோ, விற்ற கடை, கார்டு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளை), கேபிள் எதன் பெயரையும் இதில் சொல்லப் போவதில்லை. இந்தக் கோளாறு ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியது இல்லை.

நடந்தது

இரண்டு மெஷினிலும் 450 வாட் வரை இழுக்கிற உயர்ரக கார்டு, 1000 வாட் எஸ்எம்பிஎஸ். வெள்ளைக் கேபினெட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கறுப்புக் கேபிளை மாட்டாமல் விட்டு, துணி உறை போட்ட வெள்ளைக் கேபிளை அதே கடையில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். முன்பக்கமும் பக்கவாட்டிலும் கண்ணாடி. கார்டின் விளிம்புக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட இல்லை. கனெக்டரை விட்டு வெளியே வந்த கேபிள் அங்கேயே மடங்கித்தான் கீழே இறங்க வேண்டியிருந்தது.

வேலை என்று பார்த்தால் 4கே கல்யாண வீடியோ, முப்பரிமாண அழைப்பிதழ், மண்டபத்து எல்இடி திரைக்கான காட்சிகள். முகூர்த்த மாதங்களில் ராத்திரி முழுக்க ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) ஓடும். எடிட்டிங் செய்கிற பையன்கள் இரண்டு பேர் ஏசி இருக்கிறது என்று அதே அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். எதிரொலி வராமல் இருக்க சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டிய அறை அது. இந்த ஒரு விவரத்தை மட்டும் கடைசி வரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் இதில் உண்டு. மண்டபத்தில் நேரலை இருந்தால் இந்த மெஷின்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கார்டு ஒன்றரை இரண்டு கிலோ கனம். வண்டி குலுங்குகிற குலுங்கலில் மதர்போர்டு ஸ்லாட் உடைந்துவிடும் என்று, ஒவ்வொரு முறையும் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்து, மண்டபத்தில் திரும்ப மாட்டி, வேலை முடிந்ததும் மறுபடி கழற்றி என்று பழகியிருக்கிறார்கள். பொறுப்பான ஆள் செய்கிற வேலைதான். ஆனால் அப்படிக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த மின் கனெக்டரும் கழன்று மாட்டப்பட்டது.

முதல் அறிகுறி ஆவணியில் வந்தது. ரெண்டர் பாதியில் திரை கறுத்துப்போகும், கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரையும். ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். உள்ளூரில் பார்த்தவர் டிரைவர் கோளாறு என்று சொல்லி விண்டோஸை புதிதாக ஏற்றிக் கொடுத்தார். திரும்பவும் கறுத்தது. அடுத்த பழி யூபிஎஸ் தலையில் விழுந்தது, பேட்டரி மாற்றினார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் ஸ்டூடியோ தம்பி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, பிளாஸ்டிக் கருகுற வாசம் வருது. ஆனா மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"முதல்ல சுவிட்சை அணை தம்பி. எதையும் புடுங்காத, அப்படியே விடு. நான் வரேன்" என்றேன்.

உருகிய பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். உலகம் முழுக்க இந்த வகை கனெக்டர் உருகியதாக வந்த புகார்களிலும் இதே கதையைப் பார்க்கலாம். கார்டைக் கழற்றும்போதுதான் பலருக்கு அது உருகியிருப்பதே தெரிய வந்திருக்கிறது.

பிரித்துப் பார்த்தபோது

கிளிப்பை அமுக்கிப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டியும் பிளக் வெளியே வரவில்லை. ஓரத்துப் பின்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி சாக்கெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. கடைசியில் விடுபட்டு வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் வரிசையில் ஓரத்தில் இருந்த துளை வட்டமாக வீங்கி, உள்ளே தேன் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிந்திருந்தது. அதற்கு அடுத்த துளையின் சுவர் மஞ்சளாகியிருந்தது. மற்ற நான்கும் புதுசு போலவே இருந்தன. கீழ் வரிசையில், கரண்ட் திரும்பிப் போகும் கிரவுண்ட் பின் ஆறிலும் ஒரு கறை கிடையாது.

இந்தத் துறையில் இந்த மாதிரி கேஸ் வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "முழுசா செருகினீங்களா?" என்பதுதான். அதற்கான பதில் பிளக்கிலேயே பதிந்திருந்தது. இளகிய பிளாஸ்டிக் மேல் சாக்கெட்டின் விளிம்பு அழுந்தி ஒரு கோடு விழுந்திருந்தது. பாதியில் நின்ற பிளக் என்றால் அந்தக் கோடு முனைப் பக்கம் தள்ளி விழும். இங்கே அது பிளக்கின் அடிப்பகுதியை ஒட்டி, இரண்டு ஓரத்திலும் ஒரே உயரத்தில் இருந்தது. கடைசி வரை நேராக, சாய்வு இல்லாமல் செருகப்பட்ட பிளக் உருகியிருக்கிறது.

அடுத்து ஒவ்வொரு துளையின் பிடிமானத்தையும் பார்த்தேன். பழைய சாக்கெட் ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த ஆண் பின்னை ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். நல்ல துளை என்றால் உள்ளே இருக்கும் வில் தகடு பின்னைக் கவ்வும், இழுக்கும்போது விரலுக்கு அந்தப் பிடி தெரியும். இந்தக் கேபிளில் நடுவில் இருந்த இரண்டு துளைகளில் பின் வழுக்கிக்கொண்டு வந்தது. தலைகீழாகப் பிடித்தால் அதன் கனத்திலேயே கீழே விழுந்தது. அந்த இரண்டிலும் கருகல் இல்லை. கருகியது ஓரத்துத் துளை. இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

இந்த கனெக்டர் எப்படி வந்தது

பழைய 8 பின் கனெக்டரை எல்லோருக்கும் தெரியும். அதன் அளவு 150 வாட். 12 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர், அதை மூன்று கம்பிகள் பங்கு போட்டால் கம்பிக்கு சுமார் 4.2 ஆம்பியர். அந்தப் பின் ஒவ்வொன்றும் 8 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்கும். ஒரு பின் சொதப்பினாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

கார்டுகள் 350, 450 வாட் என்று ஏறியதும் மூன்று நான்கு 8 பின் கனெக்டர்களை வரிசையாக வைப்பதற்குப் பதிலாக ஒரே சின்ன கனெக்டரில் முடிக்கலாம் என்று யோசித்தார்கள். கிராபிக்ஸ் சிப் செய்கிற என்விடியா 2020இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் தன் சொந்த கார்டுகளில் 12 பின் கனெக்டர் ஒன்றை வைத்தது. அதோடு, கேபிள் எத்தனை வாட் தாங்கும் என்று கார்டுக்குச் சொல்லும் நான்கு சின்ன சென்ஸ் பின்களைச் சேர்த்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 (கார்டுக்கானது), ஏடிஎக்ஸ் 3.0 (எஸ்எம்பிஎஸ்ஸுக்கானது) தரங்களோடு 2022இல் வந்ததுதான் 12விஎச்பிடபிள்யூஆர். கடைப் பேச்சில் 16 பின். இதன் உச்ச அளவு 600 வாட். பின்களுக்கு நடுவே இருந்த 4.2 மில்லிமீட்டர் இடைவெளி 3 மில்லிமீட்டராகச் சுருங்கியது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். ஆறு பின்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 8.3. அந்தப் பின் தாங்குவதாகச் சொல்லப்படும் அளவு 9.5 ஆம்பியர் வாக்கில். பழையதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி இருந்தது, இதில் பதினைந்து சதவீதம்கூட இல்லை. அதுவும் ஆறு பின்களும் சரிசமமாகப் பங்கு போட்டால்தான். போடவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

2022 அக்டோபரில் இந்த கனெக்டரோடு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு விற்பனைக்கு வந்தது, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, பழைய 8 பின் கேபிள்களை இதில் இணைக்கும் அடாப்டர்கள் உருகிய படங்கள் வர ஆரம்பித்தன. நவம்பரில் என்விடியா, தனக்குத் தெரிந்து உலக அளவில் சுமார் 50 சம்பவங்கள் என்றும், பிளக் முழுதாகச் செருகப்படாததே பொதுவாகத் தென்படும் காரணம் என்றும் சொன்னது. கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து வீடியோ போடும் கேமர்ஸ் நெக்சஸ் குழுவின் சோதனையிலும், பாதி செருகிச் சாய்த்து வைத்த பிளக் உருகியது. உண்மைதான், அதையும் நான் மறுக்கவில்லை. இதற்காகவே 2023இல் 12வி-2×6 என்று சாக்கெட்டைத் திருத்தினார்கள். சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி மின் பின்களைச் சற்று நீட்டினார்கள். பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் சென்ஸ் பின் தொடாது, கார்டும் கரண்ட் இழுக்காது. நல்ல திருத்தம். ஆனால் நன்றாக உள்ளே போன பிளக்கில் ஆறு பின்களும் சமமாகத் தொடுகின்றனவா என்பதை அது பார்க்காது.

நடுவில் கேபிளை மடக்காமல் இருக்க வந்த எல் வடிவ அடாப்டர்கள் வேறு. கேபிள்மாட் நிறுவனத்தின் அந்த அடாப்டர்கள் சுமார் 25,300ஐத் திரும்பப் பெறுவதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. தளர்ந்தது, சூடானது, உருகியது என்று 272 புகார்கள் அதற்குள் வந்திருந்தன.

அப்புறம் 2025 ஜனவரி இறுதியில் 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 வந்தது. அடுத்த மாதமே அதிலும் உருகல். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து யூடியூபில் காட்டும் ரோமன் ஹார்டுங் தன் சொந்தக் கார்டை, சரியாகச் செருகிய கேபிளோடு அளந்து காட்டினார். ஒரு கம்பியில் மட்டும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து கனெக்டர் சில நிமிடங்களில் 150 டிகிரியைத் தொட்டது. முழுதாகச் செருகவில்லை என்ற ஒரே பதில் அதோடு போதாமல் போயிற்று.

சந்தேகப்பட்டவை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் எந்தச் சாமான் கெட்டாலும் முதலில் உப்புக்காற்றைச் சொல்வோம். ஸ்டூடியோக்காரரும் அதைத்தான் சொன்னார். கடலோரத்தில் தொடுமுனை துருப்பிடிப்பது நிஜம். சில்வர் பீச் பக்கத்து வீடுகளில் இரண்டே வருடத்தில் பச்சை பூத்த ரேம், யுஎஸ்பி முனைகளை நானே துடைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேபிளில் உருகாத துளைகளை லென்ஸ் வைத்துப் பார்த்ததில் பச்சையோ வெள்ளைப் பூச்சோ கிடையாது. எப்போதும் ஏசியில் இருந்த அறை. அதனால் உப்புக்காற்றை இதில் குற்றவாளி ஆக்க மாட்டேன்.

வோல்டேஜ் ஏறி இறங்கியதால் கருகியது என்று விற்ற கடைக்காரர் ஒரு விளக்கம் வைத்தார். அதுவும் சரியில்லை. வீட்டுக் கரண்ட் 190க்கு இறங்கினாலும் 250க்கு ஏறினாலும் எஸ்எம்பிஎஸ் வெளியே தருவது 12 வோல்ட்தான். சுவர் பக்கத்து ஏற்ற இறக்கம் எஸ்எம்பிஎஸ்ஸைக் கெடுக்கலாம், கார்டுக்குப் போகும் கேபிளில் ஒரு பின்னை மட்டும் தேர்ந்தெடுத்துக் கருக்காது.

மிச்சம் இரண்டு. பிளக்கின் கழுத்திலேயே மடங்கிய கேபிள், பலமுறை கழற்றி மாட்டியது. இந்த கனெக்டரைக் கழற்றி மாட்ட 30 முறை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முகூர்த்தம் நெருக்கமாக வரும் ஒரே வருடத்தில் அதைத் தாண்டிவிட்டதாகத் தம்பியே ஒப்புக்கொண்டார். நியாயமாகச் சொன்னால் பழைய 8 பின்னுக்கும் இதே மாதிரிக் கணக்குதான். ஆனால் அதில் வில் தகடு கொஞ்சம் தளர்ந்தாலும் தாங்குவதற்கு இடைவெளி இருந்தது. மடங்கல் எவ்வளவு கெடுத்தது, தளர்வு எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு கேபிள் போதாது. இரண்டும் சேர்ந்தால் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன: ஆறு தொடுமுனைகளின் மின்தடையும் ஆறு விதமாகிவிடுகிறது.

இங்கேதான் அந்த வழுக்கிய துளைகள் பொருள் தருகின்றன. தளர்ந்த பின்னில் மின்தடை கூடும். கூடினால் அந்த வழியாகக் கரண்ட் குறைவாகப் போகும். கார்டு கேட்பது குறையாது, அந்தப் பங்கு மற்ற பின்கள் மேல் ஏறும். சாமி தூக்குகிற ஆறு பேரில் இரண்டு பேர் தோளை இறக்கிக்கொண்டால், தோள் புண்ணாவது மற்ற நான்கு பேருக்கு. கருகிய பின் நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்த பின். கெட்ட பின்கள் பளபளவென்று தப்பித்துவிட்டன. இந்த கனெக்டரைப் பார்க்கிற மெக்கானிக் கருகிய பின்னை மட்டும் பார்த்து, இதில்தான் லூஸ் என்று முடிவு கட்டினால் தப்பான இடத்தைப் பிடித்தவர் ஆவார்.

சூடு ஏறுகிற விதமும் கொடுமையானது. தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மில்லி ஓம் தொடுமுனையில் 8 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.3 வாட். அதே இடத்தில் 20 ஆம்பியர் ஓடினால் 2 வாட். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அரிசி மணி அளவு இடத்தில், சுற்றிலும் பிளாஸ்டிக், பக்கத்திலேயே கார்டின் வெந்நீர்ச் சூட்டுக் காற்று என்று மணிக்கணக்கில் இருந்தால் அது போதும். சூட்டில் வில் தகடு இன்னும் தளரும், தொடுமுனை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது மெஷின்

உருகிய மெஷினில் இனி எதையும் ஓட்டிப் பார்க்க முடியாது. பக்கத்தில் அதே கார்டு, அதே கேபிள், அதே மடங்கலோடு மற்றது இருந்தது. அதில் ஒரு தடவைகூடத் திரை கறுத்ததில்லை. "அது தங்கம் அண்ணே, அதைத் தொட வேணாம்" என்றார் தம்பி. தொட்டே ஆக வேண்டும் என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினேன்.

கம்பி கம்பியாக அளக்க, கம்பியை வெளியிலிருந்து கவ்விக் கரண்ட்டைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். எலக்ட்ரீசியன்கள் வைத்திருப்பதில் பெரும்பாலானவை ஏசி கரண்ட்டை மட்டுமே காட்டும், இந்த வேலைக்கு உதவாது. டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் என்று கேட்டு வாங்க வேண்டும். அளப்பதற்கு முன் கம்பி எதையும் கவ்வாமல் மீட்டரை ஜீரோ செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஆம்பியர்கூடப் பிசகும். துணி உறைக் கேபிளில் ஒரு வசதி, கம்பிகள் தனித்தனி. கம்பிகளை வரிசையாகப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் சீப்பை நகர்த்தி 12 வோல்ட் கம்பிகள் ஆறையும் பிரித்து வைத்துக்கொண்டேன். கார்டுக்கு முழுச் சுமை கொடுத்து, 435 வாட்டில் நிலையாக நின்றதும் ஓரத்திலிருந்து வரிசையாக அளந்தேன்.

10.8, 6.4, 1.4, 2.6, 5.0, 8.9.

கூட்டினால் 35.1 ஆம்பியர், அதாவது சுமார் 421 வாட். மிச்சம் மதர்போர்டு ஸ்லாட் வழியாகப் போகிறது, கணக்கு சரி. சமமாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 5.9 இருந்திருக்க வேண்டும். ஒன்று தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, ஒன்று சும்மா இருக்கிறது. உருகிய கேபிளைப் போலவே இதிலும் நடுப் பின்கள்தான் சோம்பல், ஓரத்தில்தான் சுமை. தம்பியின் விரலைப் பிடித்து முதல் கம்பியின் மேல் வைத்தேன், அப்புறம் மூன்றாவதின் மேல். ஒன்று சுட்டது, மற்றது அறைக் குளிர்ச்சியில் இருந்தது. அவர் அதன் பிறகு தங்கம் என்று சொல்லவில்லை.

மெஷினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, நேராகத் திரும்பச் செருகினேன். கிளிக் சத்தம் கேட்டது, இழுத்துப் பார்த்ததில் அசையவில்லை, இடைவெளி தெரியவில்லை. மறுபடி அளந்தால் முதல் கம்பி 7க்கு இறங்கி, ஆறாவது 11ஐத் தாண்டியது. ஒழுங்காகச் செருகுவது அவசியம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒழுங்காகச் செருகிய ஒருவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. இந்த நிலையில் பழியை அவர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏன் எதுவும் கவனிக்கவில்லை

ஸ்டூடியோக்காரர் கேட்டது நல்ல கேள்வி. "இவ்வளவு விலை கொடுத்து வாங்கின சாமான்ல ஒரு பாதுகாப்பும் இல்லையா?"

வீட்டு எம்சிபி (அதிகக் கரண்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச்) பார்ப்பது மொத்தக் கரண்ட்டை. இந்த மெஷின் முழுதும் சேர்ந்து 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர்கூட இழுக்காது, 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒன்றுமே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் அதிகக் கரண்ட் பாதுகாப்பும் மொத்தத்தைத்தான் பார்க்கிறது. 1000 வாட், ஒரே 12 வோல்ட் தடம் என்றால் 83 ஆம்பியர் வரை அது அனுமதிக்கிற அளவுதான். அதில் 20 ஆம்பியர் ஒரே கம்பியில் போனால் அதற்குத் தெரியாது. சென்ஸ் பின்கள், இந்தக் கேபிள் எத்தனை வாட் தாங்கும் என்று கார்டுக்குச் சொல்வதோடு சரி, எதையும் அளப்பதில்லை. திரையில் காட்டும் கார்டு வெப்பநிலை சிப்புடையது, கனெக்டருடையது இல்லை. 16 பின் வோல்டேஜைக் காட்டும் மென்பொருள் உண்டு. முழுச் சுமையில் அது மிகவும் இறங்கினால் தொடுமுனை மோசம் என்று அர்த்தம். ஆனால் இரண்டாவது மெஷினில் அந்த எண்ணும் நல்லபடியாகத்தான் இருந்தது, ஏனென்றால் நன்றாகத் தொடும் பின்கள் வோல்டேஜைத் தாங்கிப் பிடித்துவிடுகின்றன.

மீதி இருப்பது கார்டுதான். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. 2022 மார்ச்சில் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 டிஐயும் 450 வாட் கார்டு, அதே 16 பின். அதில் ஆறு பின்களை இரண்டிரண்டாக மூன்று தனித் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டே பார்த்துச் சுமையைப் பங்கிட்டது. 4090இல் ஆறு பின்களும் சாக்கெட்டைத் தாண்டியதும் ஒரே தடமாகக் கலந்துவிடுகின்றன. 5090இலும் அதே. ஐந்து பின்கள் தொடாமல் போனாலும் ஆறாவதன் வழியாகவே முழுவதையும் இழுக்க அந்தக் கார்டு முயலும், ஏனென்றால் வித்தியாசம் தெரிந்துகொள்ள அதில் வழியில்லை. பின் ஒவ்வொன்றையும் அளந்து எச்சரிக்கும் வசதியை ஆசுஸ் தன் 5090 ஆஸ்ட்ரல் கார்டில் வைத்திருக்கிறது. ஆக, செய்ய முடியாத வேலை இல்லை. சில லட்சம் ரூபாய் விலை வைக்கிற பொருளில் சில சிறு ரெசிஸ்டர்களும் ஓர் அளவுச் சிப்பும் எல்லா கார்டிலும் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்தது

வெள்ளைக் கேபிள்கள் இரண்டையும் வெட்டிப்போட்டோம், யாரும் எடுத்துத் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாவது மெஷினில் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை மாட்டினேன். பெட்டியிலேயே கிடந்த, பயன்படுத்தாத புதுக் கேபிள். அதே 435 வாட்டில் ஆறு கம்பிகளும் 5.2க்கும் 6.6க்கும் நடுவில் நின்றன.

கேபினெட் மாறியது. கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் தாராளமாக, கேபிள் நேராக வந்த பிறகே வளைய வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் அகலமான பெட்டி வாங்கச் சொன்னேன். கண்ணாடி இருக்கட்டும், கேபிளை அமுக்கக் கூடாது. மண்டபத்துக்கு இனி இந்த மெஷின்கள் போவதில்லை. நேரலைக்கு 8 பின் கார்டு போட்ட சின்ன மெஷின் ஒன்று தனியாகக் கட்டிக் கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய பலன் தந்தது காசு செலவே இல்லாத ஒரு வேலை. கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது அதிகபட்சம் இழுக்கக்கூடிய வாட்டை, 70 சதவீதத்துக்கு இறக்கி வைத்தேன். 450 என்பது 315 வாட் ஆனது. சமமாகப் பிரிந்தால் கம்பிக்கு 4.4 ஆம்பியர், பழைய 8 பின் காலத்துக் கணக்குக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம். வெப்பம் வர்க்கத்தில் போவதால் கரண்ட் முப்பது சதவீதம் குறைந்தால் தொடுமுனைச் சூடு பாதியாகிவிடும். ரெண்டர் நேரம் கூடியது கொஞ்சம்தான், ராத்திரி ஓடுகிற வேலையில் அது யாருக்கும் தெரியவில்லை. உயர்ரக கார்டுகள் கடைசிச் சொட்டு வேகத்துக்காகத்தான் நிறைய வாட்டைக் குடிக்கின்றன. இரவு முழுக்க ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம், மென்பொருளில் ஒரு நிமிட வேலை.

பையன்கள் படுக்கிற இடத்தைப் பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னேன். ரெண்டர் அறையில் புகை அலாரம் ஒன்று, மேசைக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் கிடையாது, வாசலில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். பிளாஸ்டிக் இளகியதோடு இந்தக் கேஸ் நின்றது. உருகிய துளை ஒன்று பக்கத்துக் கிரவுண்ட் பின்னோடு ஒட்டி, ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருந்தால், ஸ்பாஞ்ச் ஒட்டிய சுவருக்கும் தூங்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு மேசை மட்டுமே.

வாரண்டி

2022இல் என்விடியா, எந்தக் கேபிள், எந்தக் கார்டு என்று பார்க்காமல் இந்தப் புகார்களுக்கு மாற்று தர உதவுவதாகச் சொன்னது. இங்கே விற்ற கடை, வெளிக் கேபிள் போட்டதால் வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. விளிம்புக் கோட்டின் படங்களையும் இரண்டாவது மெஷினின் அளவுகளையும் இணைத்து மறுபடி அனுப்பினோம், அதே பதில்தான் வந்தது. வெளிக் கேபிள் விஷயத்தில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேபிளை மெஷினோடு சேர்த்து விற்றுப் பில் போட்டதும் அதே கடைதான். பில்லை வைத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். முகூர்த்த வேலைகளை விட்டுவிட்டு அலைய முடியாது என்று ஸ்டூடியோக்காரர் முடிவு செய்துவிட்டார்.

சென்னை ரிச்சி தெருவில் கார்டுக்குப் புது சாக்கெட் வைத்துச் சால்டர் செய்து வாங்கினோம். போர்டின் தடம் கருகாமல் இருந்தது அதிர்ஷ்டம். இப்போது இரண்டு மெஷின்களும் 315 வாட்டில் ஓடுகின்றன. டிசி கிளாம்ப் மீட்டர் ஒன்றைத் தம்பியே வாங்கிவிட்டார். மாத முதல் வாரம் ஆறு கம்பிகளையும் அளந்து எனக்கு எண்களை அனுப்புகிறார். எந்தக் கம்பியாவது 7 ஆம்பியரைத் தாண்டினால் அன்றைக்கே ரெண்டரை நிறுத்திக் கேபிளை மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.